மதிப்பு இருக்கிறது, ஊதியம் எங்கே?

(அச்சன்புதூரில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மேக்கரைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. சாரல் விழுந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று தலைவர் எச்சரித்துவிட்டுத்தான் என்னைப் பேசச் சொன்னார். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது ஒரு தாயார் என்னை வழிமறித்தார். இடுப்பில் குழந்தை, காலில் இன்னும் சேறு காயவில்லை. "அண்ணாச்சி, நீங்கதானே சங்கத்துக்காரரு? பால்வாடி டீச்சரும் ஆயாவும் போராட்டம்னு சொல்லி ரெண்டு நாளாப் பூட்டிப் போட்டுட்டுப் போயிட்டாவ. பிள்ளைய வரப்புல போட்டுட்டு நான் நாத்து நட முடியுமா? ரெண்டு நாள் கூலி போச்சு. அவியளுக்கு என்ன, சர்க்கார் சம்பளம். உக்காந்து வாங்குதாவ" என்றார்.

அந்தத் தாயாரின் கோபம் பொய்க் கோபம் அல்ல. இரண்டு நாள் கூலி போனால் அடுப்பில் என்ன நடக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பேச்சை மேடையில் வந்து கேளுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டேன். வந்திருக்கிறார். இன்று நான் பேசப்போவது எல்லாம் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

பூட்டினால்தான் தெரிகிறது

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த மையம் இரண்டு நாள் மூடினால் உங்கள் நடுகை நின்றுபோகிறது. அப்படியானால் அந்த மையம் திறந்திருக்கிற நாளில் உங்கள் நடுகையில் அந்த டீச்சருக்கும் ஆயாவுக்கும் பங்கு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. அடவிநயினார் தண்ணீர் வந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. காருக்கும் பிசானத்துக்கும் குனிந்து நாற்று நட கைகள் வேண்டும். அந்தக் கைகள் வயலுக்கு வரவேண்டுமானால் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள வேறு இரண்டு கைகள் வேண்டும். ராஜபாளையம் பக்கத்து ஆலைக்கு பஸ் ஏறுகிற பெண்ணுக்கும், வாசலில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்ணுக்கும் இதே கதைதான்.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பெண்கள் வேலை செய்யும் ஆலையில் தொட்டில் அறை வைக்க வேண்டும் என்ற ஷரத்து 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை அது. வயலுக்கு ஏது தொட்டில் அறை? வேப்பமரத்துக் கிளையில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டதுதான் நம் பாட்டிமார் கண்ட தொட்டில் அறை. அந்த மரத்தடித் தொட்டிலுக்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் பால்வாடி.

எப்படி வந்தது? பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தை படிக்காது என்று கண்டு, 1956-ல் காமராஜர் சர்க்கார் மதிய உணவை ஆரம்பித்தது. 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் துவக்கியது. அங்கன்வாடி அப்போது பிறந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைக்கும் சோறு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இந்தியா முழுவதிலும் ஊழியரும் உதவியாளருமாகச் சுமார் 25 லட்சம் பெண்கள் இதில் உழைக்கிறார்கள்.

இந்தப் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள்? சோறு சமைக்கிறார்கள், முட்டை அவிக்கிறார்கள். குழந்தையை நிறுத்து எடை எழுதுகிறார்கள். கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். தடுப்பூசி நாளில் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறார்கள். பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அத்தனையும் முடித்த பிறகு செல்போனில் கணக்கு ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லை என்றால் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நடக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையா? இவர்களில் பலர் தலையில்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர்களில் இவர்களும் உண்டு. இதற்குப் பெயர் உட்கார்ந்து வாங்குவதா, அம்மா? நீங்களே சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

இனிக் கூலிக் கணக்கு. கணக்கு என்றால் நமக்குப் பயம் இல்லை. களத்து மேட்டில் மரக்காலை எப்படிச் சாய்த்து அளப்பார்கள் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம்.

1975-ல் திட்டம் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு தேறிய ஊழியருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய் என்று வைத்தார்கள். 43 வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், மத்திய சர்க்கார் தன் கணக்கில் ஊழியருக்கு 3000-த்தை 4500 ஆக்கியது. உதவியாளருக்கு 1500-ஐ 2250 ஆக்கியது. அதன்பின் 2025 முடிகிறவரை அதில் ஒரு பைசா ஏற்றவில்லை. ஏழு வருஷத்தில் அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, காஸ் ஏறியது. இவர்கள் தொகை மட்டும் அதே இடத்தில் நின்றது.

2250 ரூபாயை 30 நாளுக்குப் பங்கிடுங்கள். ஒரு நாளைக்கு 75 ரூபாய். 4500-ஐப் பங்கிட்டால் 150 ரூபாய். 2025-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். மண் வெட்டுவதற்கு 336 கொடுப்பது அதிகம் என்று நான் சொல்லவில்லை, அதுவே போதாது. ஆனால் மனிதக் குழந்தையை வளர்ப்பதற்கு மத்திய சர்க்கார் வைத்த விலை மண் வெட்டும் விலையில் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பள்ளியில் சமைக்கும் பெண்களுக்கு இன்னும் மோசம். அவர்களுக்கு மத்தியத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என்று 2009-ல் முடிவு செய்தார்கள். அதிலும் வருஷத்துக்கு 10 மாதம்தான். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு இல்லை என்றால், சமைக்கிறவள் வீட்டிலும் அடுப்பு இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

தமிழ்நாட்டில் நிலைமை சற்று மேல். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே சங்கம் கட்டி, மறியல் செய்து, சிறை சென்று, சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஒன்றைப் பெற்றார்கள். ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். மற்ற ஊழியருக்குக் காலமுறை ஊதியம். இவர்களுக்கு 'சிறப்பு'க் காலமுறை ஊதியம். நம் நாட்டில் சிறப்பு என்று ஒட்டிக்கொண்டு வந்தால் குறைவு என்று அர்த்தம்! 2017 ஊதியத் திருத்தத்தில் அமைப்பாளருக்கு அளவு 7700-ல் தொடங்கியது, சமையலருக்கு 4100, சமையல் உதவியாளருக்கு 3000. 2024 டிசம்பரில் சத்துணவு மையங்களுக்கு 8997 சமையல் உதவியாளரை எடுக்க உத்தரவு வந்தது. எவ்வளவு சம்பளம்? முதல் வருஷம் மாதம் 3000 ரூபாய் தொகுப்பூதியம். நாளுக்கு 100 ரூபாய். அச்சன்புதூரில் நடுகைக்கு என்ன கூலி, களையெடுப்புக்கு என்ன கூலி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 100 ரூபாய்க்கு நீங்கள் வரப்பில் கால் வைப்பீர்களா?

பெயரில் ஒரு தந்திரம்

சட்டம் இருக்கிறதே, குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று உண்டே என்று தோழர்கள் கேட்கலாம். உண்டு. 1948-லேயே அந்தச் சட்டம் வந்துவிட்டது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டம் தடுத்திருக்கிற கட்டாய உழைப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-லும் 1983-லும் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் எப்படி 75 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் சர்க்கார் வேலை வாங்குகிறது?

இங்கேதான் தந்திரம். இந்தப் பெண்கள் வாங்குவது கூலி அல்லவாம், மதிப்பூதியமாம்! இவர்கள் தொழிலாளர் அல்லவாம், தொண்டர்களாம்! கூலி என்று சொன்னால் கூலிச் சட்டம் வந்து நிற்கும். சம்பளம் என்று சொன்னால் பஞ்சப்படி, பிராவிடண்ட் பண்டு, பென்ஷன் எல்லாம் கைகோத்துக்கொண்டு வரும். மதிப்பூதியம் என்று சொல்லிவிட்டால் ஒன்றும் வராது. மதிப்பு என்ற சொல்லை முன்னால் போட்டு ஊதியத்தைப் பின்னால் ஒளித்துவிட்டார்கள்.

இது புதுத் தந்திரமும் அல்ல. நம் கிராமத்தில் அந்தக் காலத்தில் மருத்துவச்சி இருந்தாள், வெட்டியான் இருந்தார், சலவை செய்கிறவர், முடி திருத்துகிறவர் இருந்தார்கள். இவர்கள் இல்லாமல் ஊரில் ஒரு பிறப்பும் இல்லை, ஒரு சாவும் இல்லை. ஆனால் கூலி பேசும் உரிமை மட்டும் இவர்களுக்குக் கிடையாது. அறுவடை நாளில் களத்து மேட்டில் ஓரமாக நிற்க வேண்டும். பண்ணையார் மனம் வைத்து அள்ளிப் போட்டதைத் துண்டை ஏந்தி வாங்க வேண்டும். ஊருக்கு அத்தியாவசியமான வேலை. செய்கிறவனுக்குக் கையேந்தும் நிலைமை. அதே களத்து மேட்டைத்தான் டில்லி வரை கொண்டுபோய் மதிப்பூதியம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகவில்லையா? போனார்கள். அங்கன்வாடி ஊழியர் வகிப்பது சர்க்கார் பதவி அல்ல என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2013 மே மாதம், முதலாளிகளும் சர்க்காரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்ட ஊழியரைத் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டும், குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று சிபார்சு செய்தது. சிபார்சு கிடப்பில் போடப்பட்டது. 2022 ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு படி இறங்கி வந்தது. இவர்களுக்குக் கிராஜுவிட்டிச் சட்டம் செல்லும், இவர்கள் வாங்குவது கூலியேதான் என்று தீர்ப்புக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் குஜராத் ஹைகோர்ட்டு, ஊழியருக்கு மாதம் 24,800, உதவியாளருக்கு 20,300 கொடு என்று உத்தரவிட்டது.

தோழர்களே, தீர்ப்புகள் நமக்கு ஆயுதம். ஆனால் ஆயுதம் தானாக வெட்டாது. பிடிக்கக் கை வேண்டும். அந்தக் கை சங்கம்தான்.

வானத்திலிருந்து பூ, தரையில் அடக்குமுறை

2020-ல் கொரோனா வந்ததே, நினைவிருக்கிறதா? மார்ச் 22-ந் தேதி எல்லோரும் வாசலில் நின்று கைதட்டுங்கள் என்றார்கள். தட்டினோம். மே 3-ந் தேதி ஆஸ்பத்திரிகள் மீது ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். நர்ஸ் நம் தெய்வம், துப்புரவுத் தொழிலாளி நம் தெய்வம், வீடு வீடாக நோயாளியைக் கணக்கெடுத்த பெண் நம் தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்குச் சௌகரியம் என்ன தெரியுமா? பூப் போட்டால் போதும், சம்பளம் கேட்காது!

அந்தத் தெய்வங்கள் சம்பளம் கேட்டபோது என்ன நடந்தது? 2022-ல் டில்லியில் அங்கன்வாடிப் பெண்கள் 38 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் சட்டம் என்கிற எஸ்மாவை வீசினார்கள். நூற்றுக்கணக்கான பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆந்திராவில் 2023 டிசம்பர் 12-ல் ஒரு வேலைநிறுத்தம் தொடங்கியது. அங்கே ஊழியருக்கு 11,500, உதவியாளருக்கு 7000. 26 ஆயிரம் கொடு என்றார்கள். ஜனவரி 6-ல் அங்கும் எஸ்மா. ஆனால் அந்தப் பெண்கள் கலையவில்லை. 42 நாள் நின்றார்கள். கடைசியில் சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு வந்தது, சில கோரிக்கைகளை ஏற்றது.

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். சம்பளம் கேட்கும்போது இவர்கள் தொண்டர்கள். தொண்டர் என்றால் இஷ்டப்பட்டால் வரலாம், இஷ்டமில்லை என்றால் போகலாம். ஆனால் வேலையை நிறுத்தியதும் அது அத்தியாவசியப் பணி ஆகிவிடுகிறது, நிறுத்தினால் ஜெயில்! கொடுக்கும்போது தொண்டு, நிறுத்தும்போது குற்றம். சர்க்காருக்கு ஒரு வாயா, இரண்டு வாயா? அத்தியாவசியம் என்று நீயே ஒப்புக்கொண்டாய் அல்லவா? அப்படியானால் அத்தியாவசியத்துக்கு உரிய கூலியை வை என்பதுதான் நம் வாதம்.

ஏன் இவர்களுக்கு மட்டும்?

ஏன் இப்படி? பயனில்லாத வேலை என்பதாலா? இல்லை. அதிகப் பயனுள்ள வேலைக்குத்தான் குறைந்த கூலி விழுகிறது. காரணம் இரண்டு.

முதல் காரணம், இது பெண்கள் வீட்டில் சும்மா செய்கிற வேலை என்ற எண்ணம். சோறாக்குவது, பிள்ளை பார்ப்பது, நோயாளிக்குப் பணிவிடை செய்வது எல்லாம் பெண்ணின் இயல்பு, அதற்கு எதற்குக் காசு என்கிறார்கள். வீட்டிலே கூலி கொடுக்காமல் வாங்கிப் பழகிய வேலையை நாட்டிலும் அப்படியே வாங்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது காரணம் சாதி. சாக்கடை அள்ளுவது, குப்பை அள்ளுவது இன்னின்ன சாதிக்கு விதித்தது என்று தலைமுறை தலைமுறையாக வைத்துவிட்டு, விதித்ததைச் செய்கிறவனுக்குப் பேரம் பேசும் உரிமை ஏது என்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னையில் என்ன நடந்தது? இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியார் கம்பெனிக்கு விட்டார்கள். மாதம் 23 ஆயிரம் அளவில் வாங்கிவந்தவர்கள் 17 ஆயிரம் அளவுக்கு இறங்க வேண்டும் என்றாயிற்று. மாநகராட்சிக் கட்டிடத்துக்கு முன்னால் நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். ஆகஸ்ட் 13-ந் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போயிற்று. ஊர்க் குப்பையை அள்ளியவர்களையே குப்பை போல அள்ளினார்கள்.

நர்சுகள் கதையும் இதுவே. பரீட்சை எழுதித் தேறி 2015-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7700 ரூபாய் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பிறகே அந்தத் தொகை ஏறியது. கேட்காமல் ஏறியதாக ஒரு சரித்திரமும் இல்லை.

நமக்கு என்ன?

சரி, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. வயல் வேலை செய்கிற எனக்கு என்ன, ஆலையில் நூல் ஓட்டுகிற எனக்கு என்ன என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

ஊரிலே மிகப் பெரிய முதலாளி யார்? சர்க்கார். சர்க்காரே மாதம் 3000-த்துக்கு ஆள் பிடித்தால், ஆலை முதலாளி என்ன சொல்வான்? "சர்க்காரே அவ்வளவுதான் கொடுக்கிறது, நான் அதைவிட இரண்டு பங்கு கொடுக்கிறேன், போய் வேலையைப் பார்" என்பான். தொகுப்பூதியம், காண்டிராக்ட், மதிப்பூதியம் என்ற விதைகளைச் சர்க்கார் முதலில் தன் தோட்டத்தில் போட்டது. இப்போது அது ஆலைக்குள்ளே முளைத்துவிட்டது. ஒரே மிஷினில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கூலி, காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஒரு கூலி. ஆலைத் தோழர்களே, இது உங்களுக்குத் தெரியாததா? பள்ளத்தில் ஒருவனை நிறுத்திவிட்டால் மேட்டில் நிற்கிறவனையும் இழுத்துவிடலாம் என்பது முதலாளி வர்க்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. அந்த 75 ரூபாய்ப் பெண் வேறு எங்கிருந்தோ வந்தவள் அல்ல. நம் தங்கை, நம் மருமகள். அவள் வீட்டுப் புருஷன் வயலுக்கோ ஆலைக்கோ போகிறவன். 60 வயதில் அவள் ஓய்வு பெற்றால் மாதம் 2000 ரூபாய் சிறப்புப் பென்ஷன் என்று வைத்தார்கள். இங்கும் 'சிறப்பு' வந்துவிட்டது, பார்த்தீர்களா? முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள், கடைசிக் காலத்தில் தன் பிள்ளையிடம் சோற்றுக்குக் கை நீட்டுகிறாள்.

நம் வட்டாரத்து மண் கூலிப் போராட்டத்தை அறியாத மண் அல்ல. 1999 ஜூலை 23-ந் தேதி கூலி உயர்வும், சிறையில் அடைத்த தோழர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர் நெல்லையில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போயிற்று; அதில் ஒன்று கைக்குழந்தை. கூலி என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கிற விலை இது. ஆகவேதான் கூலியை மதிப்பூதியம் என்று பெயர் மாற்றி யாராவது ஏமாற்ற வந்தால் நமக்குக் கோபம் வருகிறது.

பணம் இல்லையாம்!

கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். பணம் இருக்கிறதா, இல்லையா என்று நாமே கூட்டிப் பார்ப்போம். 25 லட்சம் பெண்களுக்கும் மாதம் 10 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். எல்லோருக்கும் சேர்த்து 30 ஆயிரம் கோடி. பெரிய தொகைதான். ஆனால் 2019 செப்டம்பர் 20-ந் தேதி மத்திய நிதி மந்திரி பெரிய கம்பெனிகளின் வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார். அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே அன்று கணக்குச் சொன்னது. கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் மேலே! அது போதும், 25 லட்சம் குடும்பம் நிமிரும். பணம் இல்லாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது.

ஒரு தோழரின் கேள்வி

பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கேரளாவில் நம்மவர்கள் ஆட்சியில் இருந்தபோது ஆஷா பெண்கள் மாதக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மறைக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி 10-ல் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எட்டு மாதத்துக்கு மேல் கழித்து, நவம்பர் 1-ல், மாதம் ஆயிரம் ரூபாய் உயர்வோடு எழுந்தார்கள். திட்டம் மத்திய சர்க்காருடையது, அது கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. அதற்காக நம் கையில் ஆட்சி இருக்கும்போது உழைக்கிற பெண் அவ்வளவு நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தது நமக்குப் பெருமை என்று நான் சொல்லமாட்டேன். கொடி எந்த நிறமானாலும் கூலி கேட்கிறவள் பக்கம் நிற்பதே நம் கடமை. அந்தக் கடமையில் எங்கே தவறினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிற கட்சிதான் ஜனங்களிடம் நிமிர்ந்து பேச முடியும்.

நாம் செய்யவேண்டியது

கடைசியாக, நாம் என்ன செய்யவேண்டும்?

அங்கன்வாடி இங்கே பிறந்த அதே 1975 அக்டோபரில், 24-ந் தேதி, வடகோடியில் ஐஸ்லாந்து என்ற சின்னத் தேசத்தில் பெண்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். ஆலை வேலை, ஆபீஸ் வேலை மட்டுமல்ல, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பத்தில் ஒன்பது பெண்கள் கலந்துகொண்டார்கள். பள்ளிகள் மூடின. மீன் ஆலைகள் ஓடவில்லை. ஆண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். பெண்ணின் வேலை என்ன விலை பெறும் என்று அந்தத் தேசம் ஒரே நாளில் கற்றுக்கொண்டது. அடுத்த வருஷமே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமைச் சட்டம் போட்டார்கள்.

அந்த ஒரு நாளிலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் இதுதான்: வேலைநிறுத்தத்தின் சுமை ஒருவர் தலையில் விழக்கூடாது. இப்போது இந்த ஊரில் என்ன நடக்கிறது? அவர்கள் மையத்தைப் பூட்டினால், சுமை முழுவதும் நாற்று நடுகிற தாயின் தலையில் விழுகிறது. அதனால் ஏழைக்கும் ஏழைக்கும் சண்டை மூளுகிறது. மேலே இருக்கிறவன் வேடிக்கை பார்க்கிறான். இதை நாம் மாற்ற முடியும்.

முதலாவது, மையம் பூட்டியிருக்கிற நாளில் தெருவுக்கு ஒரு வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். நடுகைக்குப் போகாத வயதானவர்களும், ஷிப்டு முடிந்து வீட்டில் இருக்கிற ஆண்களும் முறை போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்கள் பிள்ளை பார்த்தால் குறைந்துபோக மாட்டோம்! ஒரு நாள் பார்த்தாலே அந்த டீச்சருக்கும் ஆயாவுக்கும் 150-ம் 75-ம் போதுமா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, போராட்டம் தொடங்கும் முன்பே அங்கன்வாடித் தோழியர் தாய்மாரைக் கூட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனால் போதாது. இதை அவர்களுக்கும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களோ அவர்களே உங்கள் பலம்.

மூன்றாவது, கோரிக்கை மனுவில் ஊழியர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளையின் தாய் தகப்பன் கையெழுத்தும் வேண்டும். என்ன கோரிக்கை? இவர்களை ஊழியராக அங்கீகரி. மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்ற பேச்சை ஒழி. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு பைசா குறையாமல் கொடு. வயிறு நிரம்பப் பென்ஷன் கொடு. காலி இடங்களை நிரப்பு. இந்த மனுவை எடுத்துக்கொண்டு தென்காசிக் கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது அங்கன்வாடித் தோழியர் மட்டும் போகக்கூடாது. மண்வெட்டி பிடித்த கையும், நூல் முடிந்த கையும், பீடி சுற்றிய கையும் சேர்ந்து போகவேண்டும்.

என்னை வழிமறித்த தாயாருக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். அம்மா, உங்கள் கோபம் நியாயம். அதைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டிய இடம் அந்தப் பூட்டிய கதவு அல்ல. அந்தக் கதவைப் பூட்ட வைத்தவர்களின் வாசல். உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளின் பிள்ளைக்கும் சோறு வேண்டும். நீங்கள் இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுகிற நாளில் அவர்களுக்குச் சம்பளமும் கிடைக்கும், உங்கள் நடுகையும் நிற்காது.

இதோ, சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ஆனால் யாரும் எழுந்திருக்கக் காணோம். அதுவே எனக்கு நம்பிக்கை. கையெழுத்துத் தாள் மேடையில் இருக்கிறது. நனைவதற்கு முன் வந்து போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள்.

அங்கன்வாடி, சத்துணவு ஊழியர் கோரிக்கைகள் வெல்க!

விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!